ஆப்ஷன் தீர்ந்த அவுட்ஃபீல்டரும் காலியாக வைத்த ஓர் இடமும்

அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்ற சிமுலேஷன் விளையாட்டில் நடக்கும் ஒரு லீக்கில், கடைசி இடத்தில் முடித்திருந்த அணியை ஏற்றுக்கொண்டேன். முப்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜி.எம்., அதாவது அணியை நிர்வகிக்கும் ஜெனரல் மேனேஜர். அவரவர் அணியில் செய்த மாற்றங்களை எக்ஸ்போர்ட் செய்து அனுப்புவோம். லீக்கை நடத்தும் கமிஷனர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஏழு நாள் ஆட்டங்களை ஓட்டுவார், அதைச் சிம் என்போம். எங்கள் விதிகள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் விதிகள்தான்.

அணி தோற்றிருந்தாலும் அதன் கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீக்கில் நல்ல பிராஸ்பெக்ட்கள், அதாவது வளரும் இளம் வீரர்கள், இருந்தார்கள். முதல் இரண்டு நாள் அவர்களுடைய திறன் எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். 20 முதல் 80 வரை போகும் அளவுகோலில் 60, 65 என்று கண்ணில் பட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? மூன்றாம் நாள், மேஜர் லீக்கில் ஆடத் தகுதியுள்ளவர்களின் 40 பேர் பட்டியலைத் திறந்தபோதுதான் நிலைமை புரிந்தது. 37 இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அந்தக் குளிர்காலத்தில் ரூல் 5 டிராஃப்டிலிருந்து காப்பாற்ற வேண்டியவர்கள் ஆறு பேர்.

இந்த விதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், டிரேட் பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான் நடந்தது. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமான வீரருக்கு ஐந்து சீசன் பாதுகாப்பு உண்டு. 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு சீசன். அதற்குப் பிறகும் அவரை 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் வேறொரு அணி 1,00,000 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அவரை அடுத்த சீசன் முழுக்க 26 பேர் ரோஸ்டரில், அதாவது ஆட்டத்துக்கான அணியில், வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் வேவரில் போட வேண்டும், அதாவது மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ள விட வேண்டும். அங்கேயும் யாரும் எடுக்காவிட்டால் பழைய அணிக்குப் பாதித் தொகைக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். அவர் திரும்பி வருவார் என்று நம்பி விட்டுவிட எனக்குத் துணிவில்லை. ஜொஹான் சான்டானா 1999-இல் இதே டிராஃப்டில் ஹூஸ்டனை விட்டுப் போனவர். பிறகு மினசோட்டாவில் இரண்டு முறை சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார்.

காகிதத்தில் ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வொரு வீரரின் பெயருக்கு எதிரே வயது, ஒப்பந்தமான ஆண்டு, ரூல் 5 வரும் ஆண்டு, மீதமுள்ள ஆப்ஷன் (மைனருக்கு அனுப்பக்கூடிய ஆண்டுகள்). அதை எழுதி முடித்ததும் ஒன்று தெளிவானது. ஒரே திறன் உள்ள இரண்டு பையன்களில், இந்த ஆண்டே இடம் கேட்பவனுக்கு ஒரு விலை, இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்கக்கூடியவனுக்கு வேறு விலை. பிராஸ்பெக்ட்டின் மதிப்பில் பாதி காலண்டரில் இருக்கிறது.

அப்புறம் பேரம் எளிதாகிவிட்டது. 40 பேர் பட்டியலில் ஐந்தாறு இடம் காலியாக இருந்த அணிகளை மட்டும் தேடினேன். அப்படி ஒருவரிடம் அந்த ஆறு பேரில், இரண்டாவது பேஸில் ஆடும் ஒருவனையும் ஒரு வலது கை பிட்சரையும் கொடுத்து, 19 வயது ஷார்ட்ஸ்டாப் ஒருவனைக் கேட்டேன். அவனுக்கு ரூல் 5 வர இன்னும் மூன்று குளிர்காலம் இருந்தது. அவர் முதலில் தயங்கினார். எங்கள் லீக்கில் ஒவ்வோர் அணியின் ஸ்கவுட்டும் ஒரே வீரரை வேறு வேறு விதமாக மதிப்பிடுவார். அவருடைய ஸ்கவுட் என் பிட்சரைக் குறைவாகவே பார்த்திருந்தார். எல்லோருக்கும் பொதுவாக விளையாட்டே தரும் ஓ.எஸ்.ஏ. மதிப்பீட்டை முன்வைத்துப் பேசினேன். நான்கு நாள் கழித்து ஒத்துக்கொண்டார். ஆறு பேர் நான்கானார்கள். மூன்று பேரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, நான்காமவனான கேட்சரைப் பாதுகாப்பில்லாமல் விட்டேன். மைனரின் கீழ்ப்படிகளில் ஒன்றான ஏ நிலையைத் தாண்டாத கேட்சரை ஒரு சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார வைக்க எந்த அணியும் விரும்பாது என்று கணக்குப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு ஓர் அவுட்ஃபீல்டரிடம் கோட்டை விட்டேன். இன்றும் மனதை உறுத்தும் விஷயம் அது.

அவனுக்கு வயது 25. நல்ல கை, நல்ல ஓட்டம், ஆனால் பேட்டில் பந்து படுவது குறைவு. பட்டியலில் சேர்ந்த வீரரை மைனருக்கு அனுப்ப மூன்று ஆப்ஷன் ஆண்டுகள்தான் உண்டு. ஓர் ஆண்டில் 20 நாளாவது கீழே இருந்தால் அந்த ஆண்டு கணக்கில் போய்விடும். அவனுக்கு மூன்றும் முடிந்திருந்தன. ஒன்று, சீசன் தொடங்கும்போது 26 பேரில் அவன் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேவர். வேவரில் அவனை எடுக்கும் அணி எனக்குப் பதிலுக்கு வீரர் யாரையும் தர வேண்டியதில்லை.

டிசம்பரில் அவனுக்கு இரண்டு பேர் விலை கேட்டார்கள். ஒருவர் தருவதாகச் சொன்ன இடது கை ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்) மோசமில்லை. பயிற்சி ஆட்டங்களில் அவன் நன்றாக அடித்தால் இன்னும் நல்லது வருமே என்று காத்திருந்தேன். மார்ச் மூன்றாம் வாரம் அதே இருவரிடமும் திரும்பப் போனேன். ஒருவர் பதில் எழுதவில்லை. மற்றவர் மரியாதையாகவே சொன்னார்: "ஆப்ஷன் இல்லையே, வேவரில் வருவான், பார்த்துக்கொள்கிறேன்." அவர் சொன்னது நியாயம்தான். என் ரோஸ்டரில் இடம் இல்லை என்பது முப்பது பேருக்கும் தெரியும். அவனை வேவரில் போட்டேன். அடுத்த சிமில் வேறோர் அணி எடுத்துக்கொண்டது.

ஒரு வாரம் பேசாமல் விதிகளை மறுபடி படித்தேன். அப்போதுதான் இன்னொரு பக்கம் கண்ணில் பட்டது. வேவரில் ஒரே வீரரைப் பலர் கேட்டால், மோசமான நிலையில் உள்ள அணிக்கே முதல் உரிமை. சீசன் தொடங்கிய முதல் 30 நாளுக்கு முந்தைய ஆண்டின் நிலைதான் கணக்கு. அதாவது மார்ச் கடைசியில் எல்லோரும் ஆள் குறைக்கும் அந்த வாரத்தில், கடைசி இடத்தில் முடித்த எனக்கு எல்லோரையும் முந்திக் கேட்கும் உரிமை இருந்திருக்கிறது. ஆனால் எடுப்பவருக்கு 40 பேரில் உடனே இடம் தர வேண்டும். அவுட்ஃபீல்டர் போன இடமும் நிரம்பிவிட்டது, என்னிடம் ஓர் இடமும் காலியில்லை.

முழங்கை அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பிட்சர் பட்டியலில் சும்மா இருந்தான். அவனை 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றினால் அந்த இடம் காலியாகும். அன்றே மாற்றினேன். சீசன் முடிந்ததும் அவனைத் திரும்ப 40 பேரில் சேர்க்க வேண்டியிருக்கும், இதைப் பலர் மறந்துவிட்டு நவம்பரில் தவிப்பார்கள். நான் அவன் பெயருக்கு எதிரே அதையும் குறித்துக்கொண்டேன்.

அதற்கடுத்த எக்ஸ்போர்ட்டில் ஒரு கேட்சரைக் கேட்டேன். அவனும் ஆப்ஷன் தீர்ந்தவன். வயது 26, அடி சுமார், ஆனால் பந்தைப் பிடிப்பதில் எங்கள் இரண்டு கேட்சர்களையும்விட மேல். கேட்ட நாலு அணிகளில் எனக்கே கிடைத்தான். என் இளம் பிட்சர்கள் அந்த ஆண்டு முழுவதும் அவனிடம்தான் பந்து வீசினார்கள்.

ஜூலை டிரேட் கெடு வந்தபோது, பிளே ஆஃப் துரத்திய ஓர் அணி என் மூத்த பிட்சருக்கு மூன்று பிராஸ்பெக்ட்கள் தருவதாகச் சொன்னது. மூவரில் இருவருக்கு அந்தக் குளிர்காலமே ரூல் 5. அவர்களை வேண்டாம் என்று சொல்லி, அவர்களுக்குப் பதிலாக 18 வயது அவுட்ஃபீல்டர் ஒருவனைக் கேட்டேன். திறன் எண்ணில் அவன் அந்த இருவருக்கும் கீழே. அன்று மாலையே டிரேட் முடிந்தது.

இப்போது மீண்டும் நவம்பர். பட்டியலில் 39 பேர். 40-ஆவது இடத்துக்கு ஒரு ரிலீவரைத் தருவதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். மார்ச் வரை அந்த இடத்தைத் தரப்போவதில்லை என்று இருவருக்கும் பதில் போட்டுவிட்டேன்.