பிளாக்செயின் வாக்குப்பதிவு: ஓட்டை எங்கே?

பிளாக்செயின் (பல கணினிகளில் பிரதி வைத்துப் பராமரிக்கும் டிஜிட்டல் பதிவேடு) வந்தால் கள்ள ஓட்டே இருக்காது என்பவர்கள் 2019 மாஸ்கோ நகர டூமா (நகர சட்டமன்றம்) தேர்தலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எதீரியம் என்ற பிரபல பிளாக்செயின் தளத்தின் அடிப்படையில் அமைந்த பிளாக்செயினில் ஆன்லைன் வாக்குப்பதிவு, அதுவும் 3 தொகுதிகளில் மட்டும். வாக்குகளைப் பூட்ட எல்கமால் என்ற மறையாக்க முறையை (தகவலைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) மூன்று அடுக்காகப் போட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு சாவியின் நீளமும் 256 பிட்டுக்கும் குறைவு, அதாவது எளிதில் உடைக்கக்கூடிய அளவுக்குச் சிறியது. மூல நிரல் வெளியானதும் பிரெஞ்சு ஆய்வாளர் பியரிக் கோட்ரி சாதாரணக் கணினியையும் இலவச மென்பொருளையும் வைத்தே சுமார் 20 நிமிடத்தில் உடைக்கலாம் என்று காட்டிவிட்டார். மூன்று அடுக்கு போட்டதால் உடைக்கும் வேலை மூன்று மடங்காகும், அவ்வளவுதான். பிறகு சாவியை 1024 பிட்டாக்கினார்கள். அதிலும் வாக்கு பற்றிய தகவல் கசியும் ஓர் ஓட்டை பிடிபட்டது.

இதில் பிளாக்செயின் எந்த இடத்திலும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். பதிவான பிறகு மாற்ற முடியாது, அது மட்டும்தான் அதன் உத்தரவாதம். வாக்காளரின் ஃபோனில் தீநிரல் புகுந்து வேட்பாளரை மாற்றி அனுப்பினால், அந்தத் தவறான ஓட்டும் அதே பத்திரத்தோடு சங்கிலியில் உட்கார்ந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: சங்கிலி பொதுவில் இருந்தால் மறையாக்கப்பட்ட ஓட்டுகளை இன்றே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்து உடைக்கலாம். ரகசிய வாக்குக்கு இது கொஞ்சமும் சரிப்படாது.

காகிதச் சீட்டும், அதைத் தற்செயல் முறையில் எடுத்து எண்ணிச் சரிபார்க்கும் தணிக்கையும் இருந்தால், மென்பொருள் பொய் சொன்னாலும் பிடிபடும். என் ஓட்டு அதற்குத்தான்.