கோடையில் இறுகிய கரிசல்

கோவில்பட்டியில் 1996இல் அப்பா கட்டிய வீட்டின் அடுப்படிச் சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. மூலையில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசலுக்குக் குறுக்கே ஒவ்வொரு சித்திரையிலும் அப்பா ஒரு கோடு இழுத்து, ஆண்டைக் குறித்துவைப்பார். கோடையில் அந்த விரிசலில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம். கார்த்திகை மழை ஓய்ந்தபின் பார்த்தால் நூலிழையாகியிருக்கும். நான்கு முறை சிமெண்ட் வைத்துப் பூசினார். நான்கு முறையும் பூச்சு பெயர்ந்து விழுந்தது. மேஸ்திரி சரியில்லை என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். மேஸ்திரிமீது எனக்குக் குறையில்லை. ஐந்தடிக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டி, கருங்கல் வைத்து ஒழுங்காகத்தான் கட்டினார். அந்த ஐந்தடிக்குக் கீழேயும் கரிசல்தான் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

எட்டயபுரம் சாலையில் வாங்கிய நான்கு சென்ட் மனையில் வீடு கட்ட முடிவானதும், வேறு எந்த வேலைக்கும் முன்னால் மண் பரிசோதனை என்று சொல்லிவிட்டேன். கொத்தனாருக்கு அதில் விருப்பமில்லை. "பக்கத்து மனையிலும் நான்தான் அக்கா கட்டினேன். ஐந்தடியில் நல்ல கெட்டி மண். எதற்கு வீண் செலவு?" என்றார். நல்ல வேலைக்காரர், காசுக்கு ஆசைப்படாதவர். ஆனால் பக்கத்து வீட்டுக்கு இன்னும் இரண்டு மழைக்காலம்கூட முடியவில்லை.

மே மாதம் ஆட்கள் வந்து முக்காலி நட்டார்கள். 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழியின் அடியில் ஒரு குழாயை இறக்குகிறார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எடை எத்தனை முறை விழுந்தது என்பதுதான் கணக்கு. ஐந்தடி ஆழத்தில் 21 முறை விழ வேண்டியிருந்தது. கொத்தனாரின் முகம் மலர்ந்தது. "பாறை மாதிரி இருக்கிறதே!"

பொறியாளர் குழாயைப் பிளந்து உள்ளிருந்த மண்கட்டியை என் கையில் வைத்தார். கறுத்து, வழவழவென்று, நகம் பதியாத அளவு இறுகியிருந்தது. "வெயிலில் காய்ந்த கரிசல் இப்படித்தான் ஏமாற்றும் அம்மா. ஈரம் ஏறினால் இந்த 21 நிற்காது" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் காட்டியதை நான் மறக்கமாட்டேன். மேசையில் இரண்டு கண்ணாடி அளவுச்சாடிகள். இரண்டிலும் சலித்து உலர்த்திய எங்கள் மனை மண், பத்துப் பத்து கிராம். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றொன்றில் தண்ணீர். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டிருந்தார்கள். மண்ணெண்ணெயில் மண் 11 மி.லி. கோட்டில் படிந்து கிடந்தது. கரிசல் அதைக் குடிப்பதில்லை. தண்ணீரில் 20ஐத் தொட்டிருந்தது. உப்பல் 82 சதவீதம். 50ஐத் தாண்டினாலே மிக அதிகம் என்கிறார்கள். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது தன் அடுக்குகளுக்கிடையே நீரை வாங்கி உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. வீட்டுக்கு நடுவே தரைக்கடியில் ஈரம் பெரிதாக மாறாது. ஓரங்கள்தான் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கும். அப்பாவின் அடுப்படி மூலையில் குளியலறைத் தண்ணீரும் போய்ச் சேர்ந்தது, வெளியே ஒரு வேப்பமரமும் நின்றது. 1996இல் இந்த இரண்டு சாடிகளை யாராவது அவருக்குக் காட்டியிருக்கக் கூடாதா என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

கரிசலில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம்வரை இருக்கும் என்று கொள்கிறார்கள். ஐந்தடி எம்மாத்திரம்? தெற்கு ஓரக் குழியில் பத்தடியில் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல் கலந்த கெட்டி மண், வந்துவிட்டது. முப்பதடி தள்ளி வடக்கே போட்ட குழியில் பதினான்கடிவரை கரிசல். "அங்கே முன்பு குட்டை இருந்தது, மாடு குளிப்பாட்டுவார்கள்" என்று அப்பா பிறகு சொன்னார். ஒரே மனைக்குள் இப்படி என்றால், பக்கத்து வீட்டு வானத்தை வைத்து நான் என்ன முடிவு செய்ய முடியும்?

இரண்டு குழிகளுக்கும் ஆய்வுக்கும் சேர்த்து 22,000 ரூபாய் ஆனது. அறிக்கை சொன்னபடி, அடியில் குமிழ் விரிந்த தூண் அஸ்திவாரம் போடுகிறோம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்காகவே வளர்த்தெடுத்த முறை இது. தூண் 30 செ.மீ. அகலம், அடியில் குமிழ் அதைப்போல் இரண்டரை மடங்கு, 75 செ.மீ. தெற்கே ஆழம் குறைவு, வடக்கே பதினாறடி. தூண்களை இணைக்கும் பீம் தரையில் படாமல் மூன்று அங்குலம் மேலே நிற்கும். மண் உப்ப வேண்டுமென்றால் அந்த இடைவெளிக்குள் உப்பிக்கொள்ளட்டும். அதில் யாரும் மண்ணைப் போட்டு நிரப்பிவிடக் கூடாது என்று கொத்தனாரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை குழி தோண்டத் தொடங்குகிறார்கள். மொத்தம் 14 குழிகள். குமிழ் வெட்டி முடித்ததும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஊற்றிவிட்டால் பிறகு பார்க்க வழியில்லை. ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.