பிளேன்டீ குடிச்சா வெறும் வயிறா?

காலை ஆறரைக்கு லாப் கதவைத் திறக்கும்போதே படியில் நாலைந்து பேர் இருப்பார்கள். பெரும்பாலும் மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். ஊசி நோகுமா என்று கேட்பவர்கள் குறைவு. தேத்தண்ணிதான் பெரிய கேள்வி.

“மிஸ், சீனி போடாமப் பிளேன்டீ மட்டுந்தான் குடிச்சனான். அது சாப்பாடு இல்லத்தானே?”

சாப்பாடு இல்லைத்தான். ஆனாலும் ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சீனி பார்க்க, குறைந்தது எட்டு மணித்தியாலம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேணும். சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு அம்மா, கந்தசஷ்டி விரதம் மாதிரி, “எச்சிலும் விழுங்கேல்ல பிள்ளை” என்றா. இரண்டு கையையும் தட்டிப் பார்த்தேன், நரம்பே தெரியவில்லை. இரண்டு கிளாஸ் தண்ணீர் கொடுத்து அரை மணித்தியாலம் ஃபேனுக்குக் கீழே இருத்தினேன். பிறகு பார்த்தால், இடது முழங்கை மடிப்பில் நீலமாக எழும்பி நிற்கிறது!

திருக்கடலூர் அண்ணா ஒருவர் ராத்திரி கடலுக்குப் போய் நேராக இங்கே வந்தார். விடியக் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். படகில் சோறு தின்றது இரண்டு மணிக்கு. கரையில் படுக்கிற நாளாகப் பார்த்து வாங்கோ என்று அனுப்பினேன்.

“ரெண்டு குழாய் ரத்தமா?” என்றும் சண்டை வரும். இரண்டும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி அளவுதான். சாம்பல் மூடிக் குழாய் சீனிக்கு. குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும், அதைத் தடுக்க அதில் மருந்து இருக்கிறது. ஊதா மூடி, ரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு. அதற்கு வெறும் வயிறு தேவையே இல்லை.

அந்த ஊதா மூடியில்தான் உப்புவெளி ஐயா மாட்டினார். கிளினிக்குக்கு முன் மூன்று நாள் குரக்கன் ரொட்டியும் அவித்த பயறும்தான். வெறும் வயிற்றுச் சீனி 118, பெரிசாகக் கூடவில்லை. எச்பிஏ1சி 8.9, நன்றாகக் கூட.

“இதில எது பிழை பிள்ளை?”

“ரெண்டும் சரி ஐயா. சிவப்பணு 120 நாள் மட்டில இருக்கும். அவ்வளவு நாளும் ரத்தத்தில கிடந்த சீனி அதில ஒட்டியிருக்கும்.”

விரல் விட்டு எண்ணினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப மகளின்ர கலியாண வீடும் இதுக்குள்ள வந்திட்டுதோ?”

வந்துவிட்டது. பயத்தம் பணியாரத்தோடு.