செஞ்சு குடுத்த வேலைய பாக்காம ஓரமா வெச்சாலே போதும், ஆளுக்கு மனசு விட்டுப்போயிடும்

ஆஃபீஸ் சுவத்துல கம்பெனியோட லட்சியம் இதுன்னு சொல்ற விஷன் ஸ்டேட்மென்ட்ட பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டிட்டா எல்லாரும் ஆர்வமா வேலை பாப்பாங்கன்னு நம்புற மேனேஜருங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. மாட்டட்டும், வேணாங்கல. ஆனா தெனம் தான் நிரப்புற எக்ஸெல் ஷீட் எங்க போகுது, யாரு திறந்து பாக்குறாங்கன்னே தெரியாத ஒருத்தர் அந்த ஃப்ரேம பாத்து என்ன நெனைப்பாரு?

மனுஷங்க எப்படி முடிவெடுக்குறாங்கன்னு ஆராயுற டான் ஏரியலியும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 2008ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. வேலை ரொம்ப சிம்பிள். பேப்பர் முழுக்க எழுத்தா இருக்கும், அதுல ஒரு குறிப்பிட்ட எழுத்து அடுத்தடுத்து ரெட்டையா வர்ற இடத்தெல்லாம் கண்டுபிடிக்கணும், முடிச்சா காசு, ஆனா ஒவ்வொரு பேப்பருக்கும் காசு குறைஞ்சுக்கிட்டே வரும், போதும்னு தோணுனா கிளம்பிடலாம். ஒரு குரூப் குடுத்த பேப்பர வாங்குனவர் ஒரு பார்வை பாத்துட்டு எடுத்து வெச்சாரு. இன்னொரு குரூப்போடத பாக்காமயே அடுக்கிட்டாரு. மூணாவது குரூப்போடத அவங்க கண்ணு முன்னாடியே மெஷின்ல போட்டு கிழிச்சாச்சு.

மொத குரூப் சராசரியா 9 பேப்பர் முடிச்சாங்க, கிழிபட்டவங்க 6 சொச்சம், இது எதிர்பார்த்தது தான். பாக்காம அடுக்குன குரூப் இருக்கே, அவங்களும் 7 கூட தொடல! அதாவது கண்டுக்காம விடுறதும் கிழிச்சு போடுறதும் கிட்டத்தட்ட ஒண்ணு. "நான் யாரையும் திட்டுனதே இல்லையே, அப்புறம் ஏன் டீம் இப்படி டல்லா இருக்கு"ன்னு கேக்குற நல்ல மனுஷங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

முன்னாடி எனக்கு ஒரு டீம் லீட் இருந்தாங்க, பெருசா பேச்செல்லாம் கிடையாது, "சூப்பர், குட் ஜாப்"னு அவங்க வாயில வந்து நான் கேட்டதே இல்ல. ஒரு ரிவ்யூ மீட்டிங்ல புதுசா சேந்த பையனோட ரிப்போர்ட்ட திறந்து, "கடைசி வரியில பழைய ரேட்டும் புது ரேட்டும் ஒத்து வரலன்னு குறிச்சிருந்தீங்கல்ல, அத பாத்துட்டு தான் அந்த பில்ல நிறுத்தி வெச்சேன்"னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்கு போய்ட்டாங்க. அவ்ளோ தான். அதுக்கப்புறம் அந்த பையன் அனுப்புற ரிப்போர்ட்ல குறிப்புக்குன்னே தனியா ஒரு கட்டம் வந்துடுச்சு, யாரும் கேக்கவே இல்ல.

வேலை பாக்குறவங்க மனச பத்தி ஆராயுற சைக்காலஜிஸ்ட் ஆடம் கிராண்ட் 2007ல எழுதுனதும் இதே மாதிரி தான். யுனிவர்சிட்டிக்கு போன்ல நன்கொடை கேக்குற வேலை, மூஞ்சில அடிச்ச மாதிரி கட் பண்றவங்க தான் அதிகம். அந்த பணத்துல ஸ்காலர்ஷிப் வாங்கி படிக்குற ஒரு ஸ்டூடண்ட்ட கொண்டு வந்து, போன் பண்ற ஊழியர்கள்கிட்ட ஒரு 5 நிமிஷம் பேச வெச்சாங்க, ஒரு மாசம் கழிச்சு பாத்தா அந்த ஊழியர்கள் போன்ல செலவு பண்ற நேரம் ரெண்டு மடங்குக்கு மேல. பாஸ் வந்து லெக்சர் குடுத்திருந்தா நடந்திருக்குமா, எனக்கு சந்தேகம் தான்.

இதையெல்லாம் படிச்சுட்டு சம்பளத்துக்கு பதிலா இப்படி ரெண்டு வார்த்தை பேசியே ஓட்டலாம்னு கணக்கு போடுறவங்களும் இருக்காங்க, அது தான் கடுப்பு. இன்க்ரிமென்ட் கேட்டு வர்றவர்கிட்ட "நீங்க இந்த குடும்பத்துல ஒருத்தர்"னு சொல்லி அனுப்புவாங்க, அவரும் தலையாட்டிட்டு சீட்டுக்கு போவாரு, ரெஸ்யூமே அப்டேட் பண்ண.