அனுப்பிய ஊரும் அமர்ந்த நாற்காலியும்

தேசியப் பூங்கா என்றதும் வனத்துறைச் சோதனைச் சாவடியும் ஆளில்லாத காடும்தான் நம் கண்முன் வரும். இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1951 ஏப்ரலில் அங்கே முதல் தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்டின் பரப்பு சுமார் 1,438 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அதற்குள் ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்தார்கள். நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். ஆட்டுப் பண்ணையும் சுண்ணாம்புக்கல் குவாரியும் கடைத்தெருவும் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் அதை நிர்வகிக்கும் ஆணையத்தில், பூங்காவுக்குள் நிலப்பரப்பு உள்ள டெர்பிஷயர், ஷெஃபீல்ட் போன்ற உள்ளாட்சிக் கவுன்சில்கள் அனுப்பும் கவுன்சிலர்களும் உறுப்பினர்கள். மற்றவர்களை அமைச்சர் நியமிக்கிறார். அவர்களிலும் ஒரு பங்கு, நம் ஊராட்சி போன்ற பாரிஷ்களிலிருந்து வருபவர்கள்.

புதிதாக வரும் கவுன்சிலர் முதலில் வழுக்குவது ஒரே இடத்தில்தான்: அனுப்பிய கவுன்சிலின் குரலாக இங்கே பேச வேண்டும் என்று நினைத்துவிடுகிறார். 1995 சுற்றுச்சூழல் சட்டப்படி ஆணையத்துக்கு இரண்டு நோக்கங்கள். இயற்கை எழில், வனவிலங்கு, பண்பாட்டு மரபு ஆகியவற்றைக் காத்து மேம்படுத்துவது ஒன்று. மக்கள் அவற்றை அறிந்து அனுபவிக்க வழிசெய்வது இன்னொன்று. இரண்டும் மோதி, சமரசத்துக்கு வழியில்லை என்றால் முதல் நோக்கத்துக்கே கூடுதல் எடை. இதைச் சாண்ட்ஃபோர்ட் கொள்கை என்பார்கள். உள்ளூர் மக்களின் வாழ்வாதாரத்தைப் பேணும் கடமையும் உண்டு, ஆனால் அது இந்த நோக்கங்களை நிறைவேற்றும் வேலையோடு சேர்ந்து வருவது. கவுன்சில் கூட்டத்தில் கட்சி கொறடா சொன்னபடி கை தூக்கிப் பழகியவருக்கு இது கடினம்தான். இங்கே போடும் வாக்கு பூங்காவுக்கு உரியது.

உரசல் அதிகம் வருவது திட்டமிடல் குழுவில். பூங்காவுக்குள் கட்டட அனுமதி தருவது மாவட்டக் கவுன்சில் அல்ல, ஆணையமே. வயல் நடுவே தனியாக நிற்கும் பழைய கல் கொட்டகையை வீடாக்கக் கேட்கும் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். கொட்டகைச் சுவரும் கல் ஓடும் அப்படியே இருக்கும் என்று வரைபடம் காட்டும். பார்க்க அழகாகவும் இருக்கும். கெடுதல் வருவது சுவருக்கு வெளியே: கார் போக அகலப்படுத்திய பாதை, மின்கம்பங்கள், கழிவுத்தொட்டி, துணிக்கொடி, இருண்ட சரிவில் இரவு முழுக்கத் தெரியும் ஒரு ஜன்னல் வெளிச்சம். ஆகவே தள ஆய்வுக்குப் போகும்போது கொட்டகைக்குள் நிற்பதைவிட, எதிர்ச்சரிவிலுள்ள நடைபாதையிலிருந்து திரும்பிப் பார்ப்பதில்தான் பயன் அதிகம். அங்கே விண்ணப்பதாரர் தேநீருக்கு அழைத்தால் நன்றி சொல்லி மறுத்துவிட வேண்டும். தள ஆய்வு பார்ப்பதற்கு மட்டுமே, விவாதம் கூட்டத்தில்தான்.

திட்டமிடல் அதிகாரியின் பரிந்துரைக்கு மாறாக வாக்களிக்கலாம். ஆனால் காரணம் கொள்கை ஆவணத்தில் ஊன்றி நிற்க வேண்டும். "நல்ல குடும்பம்", "பக்கத்து வீட்டுக்காரரின் காட்சி மறைகிறது", "வீட்டு விலை குறையும்" என்பவை அங்கே செல்லாது. காரணமின்றி மறுத்தால் விண்ணப்பதாரர் மேல்முறையீட்டுக்குப் போவார். மறுப்பு நியாயமற்றது என்று மேல்முறையீட்டை விசாரிக்கும் ஆய்வாளர் முடிவு செய்தால் செலவுத் தொகையும் ஆணையத்தின் தலையில் விழலாம். அந்தப் பணம் கல்சுவர் பழுதுபார்க்கவும் கரிச்சதுப்பு நிலம் வறளாதபடி நீர் வடியும் ஓடைகளை அடைக்கவும் உதவியிருக்கும்.

வாக்காளர் சந்தையில் வழிமறித்துக் கேட்டால் என்ன சொல்வது? "உங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டேன். அறிக்கையைப் படித்து, கூட்டத்தில் இரு தரப்பையும் கேட்டபிறகே முடிவெடுப்பேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முன்பு ஒரு கருத்துச் சொன்னதாலேயே மனம் மூடிவிட்டதாகக் கொள்ள முடியாது என்று 2011 உள்ளாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் "இதை நிறுத்தியே தீருவேன்" என்று துண்டறிக்கை அடித்தவர் வாக்களிப்பது ஆபத்து. போராடத்தான் வேண்டும் என்றால் வாக்கை விட்டுக்கொடுத்து, வார்டு உறுப்பினராகப் பேசிவிட்டு ஒதுங்கலாம். சொந்தக் கவுன்சிலே விண்ணப்பதாரராக வரும்போது, அங்கே அத்திட்டத்தை நிறைவேற்றிய குழுவில் தானும் இருந்திருந்தால், கூட்டத் தொடக்கத்திலேயே அதை அறிவித்துவிட வேண்டும்.

உள்ளூர்க்காரர்களுக்கு உண்மையில் உதவ முடிவது விண்ணப்பத்துக்கு முன்னால்தான். பீக் டிஸ்ட்ரிக்டில் உள்ளூர்த் தேவைக்கான வீட்டுக்குக் கடந்த 20 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் அந்தப் பாரிஷிலோ அடுத்த பாரிஷிலோ வசித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அனுமதியோடு, வீடு பின்னாளிலும் உள்ளூர்க்காரருக்கே போகும்படி சட்ட ஒப்பந்தமும் வரும். அதனால் வங்கிக் கடன் கிடைப்பது சிக்கலாகலாம். இதை இளம் தம்பதியருக்கு முதலிலேயே சொல்லி, வசிப்புச் சான்றுகளைத் திரட்டச் செய்து, கட்டடக் கலைஞருக்குப் பணம் கட்டும் முன் திட்டமிடல் அதிகாரியிடம் முன்னாலோசனைக்கு அனுப்பிவைக்கும் கவுன்சிலர், குழுக் கூட்டத்தில் அவர்களுக்காக உரக்கப் பேசுபவரைவிடப் பெரிய உதவி செய்கிறார்.