நிலத்தடி நீரின் வேதியியலைப் பாறை மட்டுமா தீர்மானிக்கிறது?

நீர் எந்தப் பாறையில் தேங்கியிருக்கிறதோ அந்தப் பாறையின் குணமே நீருக்கும் வந்துவிடும் என்று பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். நீர் எந்த வழியாக வந்தது, எவ்வளவு காலம் தங்கியது, அதிலிருந்த ஆக்சிஜன் எந்த இடத்தில் தீர்ந்தது என்பவற்றுக்கும் பாறைக்கு நிகரான பங்கு உண்டு என்பதே என் கருத்து.

மாற்றம் மண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால், மண்ணிடைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கிறது. அதைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக இறங்கும் மழைநீர், சுண்ணாம்புப் பாறையை விரைவாகவும் கிரானைட் போன்ற சிலிக்கேட் பாறைகளை மிக மெதுவாகவும் கரைக்கிறது.

இதற்குப் பிறகு களிமண் அடுக்குகளில் நடக்கும் அயனிப் பரிமாற்றம் போதிய கவனம் பெறுவதில்லை. களிமண் நீரிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, தன்னிடமுள்ள சோடியத்தை விடுவிக்கிறது. கடின நீர் மென்னீராகிறது. கால்சியமும் ஃப்ளூரைடும் சேர்ந்த ஃப்ளூரைட் என்னும் கனிமம் எளிதில் கரையாதது என்பதால், கால்சியம் மிகுந்த நீரில் ஃப்ளூரைடு ஓர் எல்லைக்கு மேல் உயர்வதில்லை. கால்சியம் குறைந்தவுடன் அந்தத் தடை தளர்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும் அந்த நீரிலேயே, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி ஃப்ளூரைடு இருக்கக்கூடும். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டும் பார்த்து நீரை நல்லதென்று சொல்லிவிடுவது எனக்குக் கவலையளிப்பது இதனால்தான்.

ஆக்சிஜன் தீர்ந்த ஆழத்தில் நுண்ணுயிர்கள் சுவாசிக்க அதற்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஏறத்தாழ இந்த வரிசையில் பயன்படுத்துகின்றன. இரும்பு ஆக்சைடுகள் கரையும்போது அவற்றில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் நீரில் கலக்கிறது. வங்காள டெல்டாவின் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளில் நேர்ந்தது பெரும்பாலும் இதுவே.

நீண்ட பாதையில் நீரில் மேலோங்கியிருக்கும் அயனி பைகார்பனேட்டிலிருந்து சல்பேட்டுக்கும், அதிலிருந்து குளோரைடுக்கும் மாறிச் செல்லும் என்று 1955-இல் நிலத்தடி நீர் ஆய்வாளர் செபோட்டரேவ் ஒரு வரிசையை முன்வைத்தார். ஜிப்சம் போன்ற சல்பேட் கனிமங்கள் இல்லாத படுகையில் நடுக்கட்டம் தெளிவாகத் தோன்றாமலே போகலாம் என்பதால், அதை விதியாகக் கொள்ளாமல் வழிகாட்டியாகக் கொள்வதே பொருத்தம்.

மாதிரி எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். வெளிக்காற்று பட்டவுடன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி அமிலத்தன்மை குறையும். கரைந்திருந்த இரும்பும் படிந்துவிடும். ஆகவே அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பையும் கரைந்த ஆக்சிஜனையும் ஆய்வகத்துக்கு விட்டுவைக்காமல் கிணற்றடியிலேயே அளந்துவிட வேண்டும்.