விளம்பரம் வந்த தேதி

மத்திய அரசுப் பணியில் நான் சேர்ந்தது 2005 பிப்ரவரியில். 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவத்தினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டம்தான் என்று விதி இருந்ததால், பதினெட்டு ஆண்டுகளாக என் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டு வந்தது. 2023 ஏப்ரலில், நாகர்கோவிலில் எங்கள் சங்கத் தோழர் ஒருவர் இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்றை என் மேசையில் வைத்து, "மேடம், இது உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன், பொறுமையாகப் படித்துப் பாருங்கள்" என்றார்.

ஓய்வூதியம் மற்றும் ஓய்வூதியர் நலத் துறை 2023 மார்ச் 3 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை அது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் அறிவிக்கை வெளியான 2003 டிசம்பர் 22-க்கு முன்பே விளம்பரம் செய்யப்பட்ட பணியிடத்தில், 2004-லோ அதன் பிறகோ சேர்ந்தவர்கள், ஒரே ஒரு முறை விருப்பம் தெரிவித்து, கடைசிச் சம்பளத்தை வைத்து ஓய்வூதியம் தரும் பழைய ஓய்வூதிய விதிகளுக்குள் வரலாம். கடைசி நாள் 2023 ஆகஸ்ட் 31. கொடுத்த விருப்பம் இறுதியானது. கொடுக்காதவர்கள் இருந்த திட்டத்திலேயே தொடர்வார்கள். 2020 பிப்ரவரியில் வந்த முந்தைய ஆணை, தேர்வு முடிவு 2004-க்கு முன் வெளியாகியிருந்தால் மட்டுமே பொருந்தும் என்றது. என் தேர்வே 2004-இல்தான் நடந்தது என்பதால் அப்போது எனக்கு வழி இல்லை. புதிய ஆணை முடிவு வந்த நாளை விட்டுவிட்டு, விளம்பரம் வந்த நாளைப் பார்த்தது. என் கோரிக்கை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நின்றது.

விளம்பரம் 2003 செப்டம்பரில் வந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் நினைவைக் கோப்பில் வைக்க முடியாதே. குலசேகரத்தில் உள்ள எங்கள் வீட்டில், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய் என்னைப் படிக்க வைத்த அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். ரப்பர் ஷீட்டின் புகைவாடை அடித்த அந்தப் பெட்டிக்குள், என் மதிப்பெண் பட்டியல்களுக்கு அடியில் தேர்வு அனுமதிச் சீட்டு இருந்தது. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தாலும் விளம்பர எண் தெளிவாகத் தெரிந்தது. தேதி மட்டும் இல்லை. "மக்களே, மார்த்தாண்டத்துல நீ படிச்ச சாருகிட்ட கேட்டுப் பாரு, அவரு ஒண்ணையும் களைய மாட்டாரு" என்று அம்மா சொன்னார். அவர் சொன்னபடியே, அந்த ஆசிரியர் வேலைவாய்ப்பு விளம்பரங்களைக் கத்தரித்து ஒட்டிய நோட்டுகளை இன்னமும் வைத்திருந்தார். என் விளம்பரமும் அதில் இருந்தது. ஆனால் பத்திரிகையின் தலைப்பகுதி வெட்டப்பட்டிருந்ததால், தேதி அவருடைய கையெழுத்தில், நீல மையில் மட்டுமே இருந்தது. அலுவலகத்தில் அதைச் சான்றாக ஏற்கவில்லை, ஏற்காததும் நியாயமே.

ஆள் தேர்வு நடத்திய தலைமையகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் அஞ்சல் ஆணையுடன், ஜூன் முதல் வாரத்தில் மனு அனுப்பினேன். "எனக்குப் பழைய ஓய்வூதியம் உண்டா" என்று கேட்டிருந்தால், அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆகவே விளம்பர எண்ணைக் குறிப்பிட்டு, அது வெளியான தேதியையும் அதன் சான்றளிக்கப்பட்ட நகலையும் மட்டுமே கேட்டேன். சட்டப்படி அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம். இருபத்தெட்டாவது நாளில் நகல் வந்தது. பழைய கோப்பு அழிக்கப்படாமல் இருந்ததும், அதைத் தேடி எடுக்க ஒருவர் மெனக்கெட்டதும் என் நல்லூழ் என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் விருப்பக் கடிதத்தைக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையையும் வாங்கிக்கொண்டேன். பத்தாவது நாளில், "தேர்வு முடிவு 2004-இல் வந்திருப்பதால் தகுதியில்லை" என்ற குறிப்புடன் அது என் மேசைக்கே திரும்பி வந்தது. 2020-இன் அளவுகோலை 2023-இன் ஆணைக்குப் பொருத்தியிருந்தார்கள். வாதம் செய்யாமல், இரண்டு ஆணைகளிலும் உரிய வரிகளை அடிக்கோடிட்டு, விளம்பர நகலையும் சேர்த்து, ஒரு பக்க விளக்கத்துடன் மறுபடியும் அனுப்பினேன். நியமன அதிகாரியின் ஆணை அந்த ஆண்டு முடிவதற்குள் வந்தது.

பணம் என்ன ஆகும் என்று பலரும் கேட்கிறார்கள். நான் செலுத்திய சந்தா என் பெயரில் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, வட்டியும் கணக்கிடப்பட்டது. அரசு செலுத்திய பங்கும், முதலீட்டால் என் சந்தா வளர்ந்த தொகையும் அரசுக் கணக்கிற்குப் போய்விட்டன. அந்த வளர்ச்சியை இழப்பதா என்று தயங்கியவர்கள் உண்டு. கடைசிச் சம்பளத்திலோ கடைசிப் பத்து மாதச் சராசரியிலோ எது அதிகமோ அதில் பாதி ஓய்வூதியம், விலைவாசிக்கேற்ப உயரும் நிவாரணம், எனக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் என்று வரும்போது, எனக்குத் தயக்கம் எழவில்லை. பள்ளி ஆசிரியையான என் நாத்தனார் இந்த ஆணை தனக்கும் உதவுமா என்று கேட்டார். மாநில அரசு 2003 ஏப்ரல் 1 முதலே பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாறியதும், இது மத்திய அரசுப் பணியாளருக்கான ஆணை என்பதும் அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தன.

என்னோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பர் ஒருவர், தந்தையின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் நீண்ட விடுப்பில் இருந்ததால், செப்டம்பரில்தான் இதைக் கேள்விப்பட்டார். ஒரே விளம்பரம், ஒரே தேர்வு. அவரால் பழைய திட்டத்துக்குள் வர முடியவில்லை. சுற்றறிக்கை வந்ததும் தகுதியுள்ளோரைப் பணிப்பதிவேட்டிலிருந்து அலுவலகமே கண்டெடுத்து ஒவ்வொருவருக்கும் எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பணிப்பதிவேட்டில் நாம் சேர்ந்த தேதி இருக்கிறது. எந்த விளம்பரத்தின் வழியாகச் சேர்ந்தோம் என்பது என்னுடையதில் எங்கும் இல்லை. ஆணை பதிவான அன்று, அந்த விளம்பரத்தின் சான்றளிக்கப்பட்ட நகலையும் அதற்கு அடுத்த பக்கத்திலேயே ஒட்டச் சொல்லி, அதன் மீது கையெழுத்திட்டு வந்தேன்.